வேறென்ன தருவீர்கள்?

போன வாரம் ஸ்டீவ் பால்மரைச் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவில் நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அங்கேயே குளிரில் நிற்கிறார், பாவம். கூட்டி வந்துவிடலாம்.

சறுக்குக் கட்டைகளைக் கழற்றினார். மியூனிக்குக்குக் கிளம்பினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி. குளிர்கால விடுமுறை. அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர், ஆகவே ஒருவகையில் அது பூர்விக மண். அதையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு, வெளிநாட்டு மேயர் ஒருவரைப் பார்க்க ஓடி வருகிறார். எத்தனை கம்ப்யூட்டருக்காக?

14,000.

மைக்ரோசாஃப்டின் கல்லாவில் 14,000 என்பது சில்லறை. அவரை ஓட வைத்தது 14,001-வது கம்ப்யூட்டர். மியூனிக் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போய், அலுவலகமும் ஒழுங்காக நடந்துவிட்டால்? அடுத்த ஊர் கேட்கும். அதற்கடுத்த நாடு கேட்கும். சர்வர் அறைக்குள் லினக்ஸ் நுழைந்ததைக்கூட அவரால் சகிக்க முடிந்தது. மேஜைக்கு வருவது வேறு சங்கதி. பிறப்புச் சான்றிதழ் அடிக்கும் குமாஸ்தா காலையில் வந்து பொத்தானை அமுக்கியதும் திரையில் எது வர வேண்டும் என்பதுதான் சண்டை. அந்த மேஜைதான் மைக்ரோசாஃப்டின் கோட்டை.

லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-இல் வாய்விட்டுச் சொன்னவர் இந்த பால்மர்தான். வெறும் வாய்ச்சவடால் இல்லை, கம்பெனியின் கொள்கையே அப்படித்தான் இருந்தது. விற்பனைத் தலைவர் ஒர்லாண்டோ அயாலா 2002-இல் தன் ஆட்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலின் சாரம் இது: எந்த நிலையிலும் லினக்ஸிடம் தோற்கக் கூடாது. விலையைக் குறைக்க வேண்டுமா? குறையுங்கள். இலவசமாகவே கொடுக்க வேண்டுமா? கொடுங்கள். அதற்கென்று தனி நிதி இருக்கிறது.

இந்த மின்னஞ்சலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் வருவோம்.

மேயர் கிறிஸ்டியான் ஊடே கம்ப்யூட்டர்காரர் இல்லை. பத்திரிகையாளராகத் தொடங்கி, வழக்கறிஞராகி, அரசியலுக்கு வந்தவர். மேடையேறி அரசியல் நையாண்டி செய்கிற பழக்கமும் உண்டு. அதில் தன்னையும் விட்டுவைக்க மாட்டார். மொத்தத்தில் வாயால் பிழைத்த மனிதர்.

அந்த வாய்க்குத்தான் அன்று சோதனை.

பால்மர் ஆங்கிலத்தில் பேசுவார். ஊடேவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஜெர்மனில் எதிராளியை மூன்று வாக்கியத்தில் மடக்குகிறவர், ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காமல் நடுவில் திணறி நின்றால்? எதிரே உட்காரப்போவதோ மேடையில் வியர்க்க விறுவிறுக்கக் குதித்துக் கத்துகிற ஆள்.

மொழிபெயர்ப்பாளரிடமே யோசனை கேட்டார் ஊடே. வார்த்தை வராவிட்டால் என்ன செய்வது?

பதறாதீர்கள், என்றார் மொழிபெயர்ப்பாளர். கொஞ்சம் யோசிப்பதுபோல் இருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேறென்ன தருவீர்கள்?

நகராட்சியின் லினக்ஸ் திட்டத்தைப் பின்னாளில் நடத்திய பீட்டர் ஹோஃப்மான் சொன்ன கதை இது. நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன். இவ்வளவு எளிமையான தந்திரத்தை யாரும் உட்கார்ந்து புனைய மாட்டார்கள்.

பால்மர் வந்தார். பேசினார். சலுகை ஒன்றை எடுத்து வைத்தார்.

ஊடே யோசித்தார். வார்த்தை வரவில்லை.

"வேறென்ன தருவீர்கள்?"

பால்மர் இன்னொன்றை எடுத்து வைத்தார். மறுபடி மௌனம். மறுபடி அதே கேள்வி. மறுபடியும் அதே.

சந்தையில் மீன் வாங்கப் போய், விலை கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் தானாக இறங்கி வருவார். அதேதான். ஊடே எவ்வளவு கடினமான பேரக்காரர் என்று பால்மர் அசந்துபோனதாக வருடங்கள் கழித்து மியூனிக்குக்குத் தகவல் வந்ததாம்.

உண்மையில் அவருக்கு வார்த்தைதான் கிடைக்கவில்லை!

சிரித்தாகிவிட்டது. இனி கணக்கு. மைக்ரோசாஃப்ட் முதலில் கேட்டது 3.66 கோடி டாலர். சந்திப்புக்குப் பிறகு அது 3.19 கோடி ஆனது. அதோடு நிற்கவில்லை. நகர மன்றத்தின் வாக்கெடுப்பு நெருங்க நெருங்க இன்னும் இறங்கி 2.37 கோடிக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளுபடி. போதாததற்கு, ஆஃபீஸ் தொகுப்பு முழுவதும் வேண்டாம், வேர்டு மட்டும் போதும் என்றாலும் சரி. ஆறு வருடத்துக்குப் புதிய பதிப்பு வாங்க வேண்டியதில்லை என்றாலும் சரி. ஒரு வருடத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் வாசலிலேயே சிரித்து அனுப்பியிருப்பார்கள்.

எதிர்த்தரப்பில் பக்கத்து நியூரம்பர்க்கின் லினக்ஸ் கம்பெனி சூசே, தோளுக்குத் துணையாக ஐ.பி.எம். அவர்களும் முடிந்த அளவு குறைத்தார்கள்.

3.57 கோடி.

ஆமாம், தட்டச்சுப் பிழை இல்லை. இலவச மென்பொருள் என்று ஊரெல்லாம் பேசிய லினக்ஸ், விண்டோஸைவிட 1.2 கோடி டாலர் அதிகம். மென்பொருள்தான் இலவசம், மாற்றுகிற வேலை இலவசமா? 14,000 பெட்டிகளைத் திறக்க வேண்டும். வேர்டில் வருடக்கணக்காகச் சேர்த்த படிவங்களைத் திரும்ப எழுத வேண்டும். ஊழியர்களை உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே செய்துவைத்த சின்னச் சின்ன நிரல்களுக்கு மாற்று தேட வேண்டும். செலவு அங்கேதான்.

அப்படியானால் மேயர் ஏன் இன்னும் தலையாட்டவில்லை?

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் விலைப்பட்டியலில் இல்லை. முதல் அத்தியாயத்தில் இருக்கிறது: விண்டோஸ் என்.டி. 4. நகராட்சிக்கு அது போதுமானதாக இருந்தது. குமாஸ்தாக்களுக்குக் கை பழகியிருந்தது. ஆனாலும் மாறச் சொன்னார்கள். ஏன்? அதைப் பராமரிப்பதை நிறுத்தப்போகிறோம் என்று விற்றவரே சொல்லிவிட்டார். ஒழுகாத வீடு, தகராறு இல்லாத அக்கம்பக்கம். ஆனாலும் வீட்டுக்காரர் வந்து காலி செய்யுங்கள், பக்கத்தில் பெரிய வீடு கட்டியிருக்கிறேன், வாடகை கொஞ்சம் கூட என்கிறார். இந்த முறை வாடகையைக் குறைத்துவிட்டார், சரி. அடுத்த முறை?

ஊடேவை உறுத்தியது அந்த அடுத்த முறைதான்.

பின்னாளில் பில் கேட்ஸே மேயரோடு காரில் போகும்போது இதைக் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? சார்பில்லாமல் இருக்க, என்றார் ஊடே. யாரைச் சாராமல்? உங்களைத்தான்!

யூனிலாக் என்ற ஆலோசனை நிறுவனம் போட்டுத் தந்த மதிப்பெண் பட்டியலும் ஊடேவின் கையில் இருந்தது. செலவை மட்டும் பார்க்காமல், நீண்ட காலத்துக்கு நகரத்துக்கு எது நல்லது என்று 10,000 புள்ளிகளுக்கு நிறுத்துப் பார்த்திருந்தார்கள். மைக்ரோசாஃப்டுக்கு 5,293. லினக்ஸுக்கு 6,218.

பணம் ஒரு பக்கம் இழுத்தது, பட்டியல் மறுபக்கம்.

வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் வெடித்தது ஒரு குண்டு. ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அயாலாவின் மின்னஞ்சல். அது பத்திரிகையில் வந்துவிட்டது!

அந்தத் தள்ளுபடியை இப்போது திரும்பிப் பாருங்கள். பால்மர் மியூனிக்குக்காக மனமிரங்கிக் கொடுத்ததுபோல் இருந்த சலுகை, உலகம் முழுக்கப் போட்டிருந்த வலையின் ஒரு கண்ணியாகத் தெரிந்தது. இவ்வளவு இறங்க முடியும் என்றால் இத்தனை நாள் வாங்கியது எதற்கு? என் கணிப்பில் மைக்ரோசாஃப்ட் தோற்றது இங்கேதான். இறங்கிய ஒவ்வொரு கோடியும் ஊடேவின் வாதத்துக்கே வலு சேர்த்தது. போட்டி என்று ஒன்று வந்ததால்தானே இவ்வளவும்?

28 மே 2003. மரியன்பிளாட்ஸ் சதுக்கம்.

அங்கே நிற்கிற நகர மன்றக் கோபுரத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கோபுரத்து மணிக்கூண்டில் பொம்மை வீரர்கள் இருவர் குதிரையேறி ஈட்டியால் மோதுவார்கள். ஒருவன் பவேரியாக்காரன், மற்றவன் லொரேன்காரன். எப்போது பார்த்தாலும் ஜெயிப்பது பவேரியாக்காரன்தான். இயந்திரம் அப்படி.

உள்ளே நடந்த மோதலுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சூசேயும் பவேரியா. மைக்ரோசாஃப்டின் அன்றைய ஜெர்மன் தலைமையகமோ மியூனிக்குக்கு வடக்கே ஒட்டினாற்போல் உன்டர்ஷ்லைஸ்ஹைமில். இரண்டு குதிரையும் உள்ளூர்க் குதிரை.

ஊடேவின் சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் ஒரு பக்கம். எதிர்க்கட்சியான கிறிஸ்தவ சமூக ஒன்றியம் மறுபக்கம். தேவையில்லாத விஷப்பரீட்சை என்பது அவர்கள் எண்ணம். நியாயமாகச் சொன்னால், அந்த பயத்தைக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய நகரம் மேஜைக் கம்ப்யூட்டர்களை இப்படி மொத்தமாக மாற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை. முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்து வழி சொல்ல ஆள் இல்லை.

கைகள் உயர்ந்தன.

லினக்ஸ்!

விலை அதிகம் என்று தெரிந்தே, ஒரு நகரம் விண்டோஸுக்குக் கதவைச் சாத்தியது. மறுநாள் உலகப் பத்திரிகைகளில் மியூனிக்கின் பெயர். நியூரம்பர்க்கில் கொண்டாட்டம். லினக்ஸ், மியூனிக் இரண்டையும் ஒட்டவைத்து லிமக்ஸ் என்று திட்டத்துக்குப் பெயரும் பிறந்தது.

கொண்டாடிய சூசேக்குப் பின்னால் வரப்போவது அன்று தெரியாது. அந்த நவம்பரிலேயே கம்பெனி அமெரிக்க நோவெலிடம் விலைபோனது. பிறகு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நேரம் வந்தபோது மியூனிக் தேர்ந்தெடுத்தது சூசேயை அல்ல. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டிய டெபியனை. யாரையும் சாரக் கூடாது என்று கிளம்பியவர்கள் சூசேயை மட்டும் சார்வார்களா என்ன? அந்தக் கூத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும், அது பிறகு.

அதற்கு முன்னால் ஒரு கண்டம் இருக்கிறது. 2004 ஆகஸ்ட். திட்ட அறிக்கை தயார். மன்றம் மறுபடியும் ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. டெண்டர் விட வேண்டியதுதான் பாக்கி.

நிறுத்து, என்று உத்தரவு வந்தது.

காரணம், மன்றத்தில் ஒருவர் எழுப்பிய கேள்வி: ஐரோப்பாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை வந்துவிட்டால் இந்த லினக்ஸ் சட்டப்படி தப்புமா? யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. 14,000 மேஜைகளும் அந்தரத்தில்.

கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. மைக்ரோசாஃப்டின் ஆளும் இல்லை. லினக்ஸுக்குக் கை தூக்கிய அதே பசுமைக் கட்சிக்காரர்.

ஏன் செய்தார்? அடுத்த வாரம்.