பாஸ் என்னும் ஒரு சொல்



ஒரு தொழிலிலே கைதேர்ந்தவனை ஊரார் எப்பெயரிட்டு அழைக்கின்றனரோ, அப்பெயரிலே அவ்வூராரின் மதிப்பும் அடங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தார் அத்தகையவனை விண்ணன் என்பர். பிறர் புலி என்பர், சூரன் என்பர். சபை கூடி வழங்காமல் மக்கள் வாயிலே பிறந்த விருதுகள் இவை. அவ்வாறான ஒரு சொல்லின் வரலாற்றை இன்று நோக்குவோம். கொழும்பிலும் பிற நகரங்களிலும் நாள்தோறும் கேட்கும் ‘பாஸ்’ என்பதே அச்சொல்.

மேசன், தச்சர், மோட்டார் வாகனம் திருத்துவோர் முதலியோரிலே தொழில் தேர்ந்தவரைப் பாஸ் என்கிறோம். சிங்கள மக்கள் ‘உன்னெஹே’ என்னும் மரியாதைச் சொல்லையும் கூட்டியழைப்பர். இதனை ஆங்கிலச் சொல்லென மயங்குவோர் உளர். உண்மையில் இஃது ஒல்லாந்தர் தந்தது. அவர் மொழியிலே, பட்டறையில் மற்றவர்க்கு வேலை காட்டும் தலைமைத் தொழிலாளியைக் குறித்தது இச்சொல். 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796 வரை நம் கரையோரத்தை ஆண்டனர். ஆண்டவர் அகன்றனர், சொல்லோ நம் தொழிலாளரிடம் தங்கிற்று. போர்த்துக்கேயரின் ‘மெஸ்த்ரே’ தமிழிலே மேஸ்திரியாகி நிலைத்ததும் இவ்வாறே.

இதே சொல் வேறு இரு திசைகளிலும் கப்பலேறிற்று. வட அமெரிக்காவில் ஒல்லாந்தர் நிறுவிய நியூ அம்ஸ்ரடாம், 1664இல் ஆங்கிலேயர் வசமாகி நியூயோர்க் ஆயிற்று. அடிமைகள் தம்மை உடையவனை ‘மாஸ்டர்’ என்றழைத்த அந்நாட்டிலே, கூலிக்கு உழைத்த சுதந்திர மனிதர் அச்சொல்லைக் கூற நாணி, ‘பொஸ்’ என்றனர். இரண்டிற்கும் பொருள் ஒன்றேயன்றோ என 1838இல் எழுத்தாளர் பெனிமோர் கூப்பர் குறைகூறினார். நாளடைவிலே அது கைத்திறனை மறந்து, சம்பளம் கொடுப்பவனையும், அரசியற் கட்சியை ஆட்டிவைப்பவனையும் குறிக்கலாயிற்று.

தென்னாபிரிக்காவின் கதை துயரமானது. 1652இல் ஒல்லாந்தர் கேப் முனையிலே குடியேறினர். அங்கே வெள்ளையரைக் கறுப்பின மக்கள் ‘பாஸ்’ என அழைக்க வேண்டியதாயிற்று. 1948இல் தொடங்கி 1994 வரை நிலவிய இனவொதுக்கல் ஆட்சிக் காலத்திலே, வெள்ளையர் மேலாதிக்கத்திற்கே ‘பாஸ்காப்’ என்று பெயர் வழங்கிற்று.

ஆகவே, ஒரே சொல் ஒரு நாட்டிலே பணத்துக்கும், ஒரு நாட்டிலே தோலின் நிறத்துக்கும் உரியதாக, நம் நாட்டிலே மட்டும் கையின் திறனுக்கு உரியதாக நின்றது. சொல் செய்த வேறுபாடன்று இது. அதனை வழங்கிய சமூகங்கள் செய்த வேறுபாடு.

ஆயினும் நாம் முழுதும் மகிழ்தற்கில்லை. ‘கந்தோர்’ என்பதும் ஒல்லாந்தர் தந்த சொல்லே. ஒரே கப்பலில் வந்த இவ்விரண்டனுள், நம் பெற்றோர் பிள்ளைகளுக்கு விரும்பியது கந்தோரையே. மரத்தையும் இரும்பையும் கண்டாற் கண் மலரும் மாணவனைக்கூட, மேசை நாற்காலிக்கே உரியவனாக்க அவர்கள் படும் பாட்டை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். பாஸ் என்று வாயால் மதித்து, மகன் பாஸ் ஆவதை மனத்தால் இகழ்வது முறையாகுமா?

கூரை ஒழுகும் மாரி நாளிலே நாம் தேடியோடுவது கந்தோருக்கன்று, பாஸிடமே. அன்று அவரிடம் காட்டும் மரியாதையை மற்றை நாட்களிலும் காட்டுவோமாக.