மைதானத்தில் ஓர் இரட்டைக் குவளை

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட். 271 ஓட்டம் எடுத்தால் வெற்றி. முதுகு வலியோடு நின்று 136 அடித்த டெண்டுல்கர் 254-ல் ஆட்டமிழக்கிறார். அடுத்த நான்கு ஓட்டங்களுக்குள் மீதி மூன்று விக்கெட்டும் சரிய, 12 ஓட்டத்தில் தோல்வி. அதன்பிறகு நடந்ததுதான் நம்மில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடிய பாகிஸ்தான் வீரர்களுக்காகச் சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நாங்கள் அதை ஊர்த் தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே தரையில் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். காலனிப் பிள்ளைகளுக்கு ஜன்னல் கம்பி. யாரும் எங்களை விரட்டவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. சக்லைன் பந்தில் டெண்டுல்கர் கேட்ச் கொடுத்தபோது உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் ஒரே நேரத்தில் “அய்யோ” என்றோம். அந்த அய்யோ உண்மையானது. அந்தக் கம்பியும் உண்மையானது. கிரிக்கெட்டைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று நமக்குக் குழப்பம் வருகிறது.

கிரிக்கெட் அழகான விளையாட்டு. இதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அதிலும் சுழற்பந்து வீச்சின் அழகு தனி. வேகம் இல்லை, மிரட்டல் இல்லை. மெதுவாக மேலே எழும்பி வரும் பந்து, இதோ அடித்துவிடலாம் என்று ஆசை காட்டி, கடைசி நேரத்தில் சட்டென்று இறங்கித் திரும்பும். மட்டையாளர் ஓரடி முன்னால் வந்து ஏமாந்து நிற்பார். பந்துக்கும் மட்டைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு விரற்கடை இடைவெளியில்தான் நாடகம் முழுவதும் நடக்கிறது. ஐந்து நாள் காத்திருந்து அதைப் பார்ப்பவர்களைப் பைத்தியம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இந்திய மண்ணில் அந்தக் கலையை முதலில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் நம்மவர். பல்வங்கர் பாலு. இடதுகை சுழற்பந்து வீச்சாளர். சமார் சாதியில் பிறந்தவர். இங்கே அருந்ததியர் மக்கள்மீது சுமத்தப்பட்ட அதே தோல் தொழில் முத்திரைதான் அங்கே சமார் மக்கள்மீதும் குத்தப்பட்டது. கிரிக்கெட் பந்தின் மேலுறை தோல்தான் என்பதை இந்த இடத்தில் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

பாலுவின் அப்பா பூனாவில் ராணுவத்தில் வேலை பார்த்தார். வெள்ளைச் சிப்பாய்கள் தூக்கிப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்து அண்ணன் தம்பிகள் விளையாட ஆரம்பித்தார்கள். பாலுவுக்குக் கிடைத்த முதல் கிரிக்கெட் வேலை, பார்சிகள் நடத்திய ஒரு கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய். நெட் கட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, புல்லைப் பார்த்துக்கொள்வது, நேரம் கிடைக்கும்போது உறுப்பினர்களுக்குப் பந்து போடுவது.

அந்தக் கிளப்பின் சிறந்த மட்டையாளர் கிரெக். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்வாராம். தன்னை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா தருவார் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து போட்டதில் பாலுவின் விரல்கள் பழகின என்பது உண்மை. ஆனால் அத்தனை ஆண்டுகளில் அந்த நெட்டில் ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது கனவான்களின் வேலை, பந்து போடுவது கூலி வேலை. வெள்ளையரின் வர்க்கப் பிரிவினை நம்மூர்ச் சாதிப் பிரிவினையோடு எவ்வளவு இலகுவாகக் கைகோத்துக்கொண்டது பாருங்கள்.

பூனா இந்துக்களின் அணிக்கு வெள்ளையர் அணியை வெல்ல வேண்டும் என்று தீராத ஆசை. அதற்குரிய ஆள் எதிரி கிளப்பிலேயே கூலிக்கு உருளை இழுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அணிக்குள் சண்டை. பார்ப்பன உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். பாலுவை ஒதுக்கினால் இந்துக்கள் முட்டாள்கள் என்கிற பொருளில் கிரெக்கே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. வெள்ளைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் அல்லவா!

சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? மைதானத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். விக்கெட் கீப்பர் தொட்டார், ஸ்லிப்பில் நின்றவர் தொட்டார். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் போய்ப் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கியெறியும் மண் குவளையில். மதியச் சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், அதை ஊற்ற இன்னொரு தீண்டப்படாத ஊழியர் நிறுத்தப்பட்டிருந்தார்.

இதை வாசிக்கும் தமிழருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளைதான் அது. கண்ணாடி கிளாஸ் ஒருவருக்கு, கொட்டாங்குச்சியோ அலுமினியக் குவளையோ இன்னொருவருக்கு. டீக்கடையாவது நம் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாத வயலில் வாங்கிக்கொண்டது. அங்கே ஆயிரம் பேர் கைதட்ட, அவருடைய திறமையை நடு மைதானத்தில் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மண் குவளையை நீட்டினார்கள். ஆட்டத்துக்குத் தீட்டு இல்லை, இடைவேளைக்குத் தீட்டு உண்டு.

சதாராவில் வெள்ளையர் ஜிம்கானாவோடு ஓர் ஆட்டம். பாலுவின் சுழலை முடக்க ஆடுகளத்தை நாள்கணக்கில் உருட்டிக் கெட்டியாக்கி வைத்தார்கள் என்று சொல்வார்கள். அவர் 7 விக்கெட் எடுத்தார். உருளை இழுத்துப் பிழைத்தவருக்கு உருட்டிய மண்ணைத் தெரியாதா? அதன்பிறகு ரானடே, திலகர் போன்ற பெரிய மனிதர்கள் பொது இடத்தில் அவரைப் பாராட்டினார்கள்.

பிளேக் நோய் பூனாவைச் சூறையாடியபோது குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. அங்கே இந்து ஜிம்கானாவிலும் முணுமுணுப்பு இருந்தது, அதையும் தாண்டி அணிக்குள் வந்தார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை முதன்முதலாக எதிர்கொண்டது. பாலுவும் தம்பி சிவராமும் அணியில். இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. இரண்டாவது இன்னிங்சில் இந்துக்கள் 160. ஐரோப்பியருக்கு 212 தேவை. பெரிய மலை இல்லை. ஆனால் 102-க்குள் சுருண்டார்கள். பாலுவின் பந்துகள் அந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம். 109 ஓட்டத்தில் வெற்றி.

இந்த வெற்றியைத் தேசியவாதிகள் ஒரு மாதிரி கொண்டாடினார்கள், சமூகச் சீர்திருத்தம் பேசியவர்கள் வேறு மாதிரி கொண்டாடினார்கள். இரண்டாமவர்களுக்கு முக்கியமாகப் பட்டது ஆட்டமல்ல, சாப்பாட்டு மேசை. பம்பாயில் இந்து வீரர்கள் இந்தச் சகோதரர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூனாவின் மண் குவளை பம்பாயில் உடைந்தது. நாமும் இதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எத்தனை விக்கெட் எடுத்த பிறகு அது உடைந்தது என்றும் கேட்கிறோம்.

1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணிக்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட கோடைக்காலம், மகாராஜாவுக்கு விருந்துகள் அதிகம். 23 ஆட்டங்களில் 15 தோல்வி, 6 வெற்றி. அந்தத் தோல்விக் குவியலுக்கு நடுவே முப்பதுகளின் நடுவில் இருந்த பாலு, வலிக்கும் தோளோடு 114 விக்கெட் எடுத்தார், ஒரு விக்கெட்டுக்கு சராசரி 18.84 ஓட்டம். லெஸ்டர்ஷயரையும் சாமர்செட்டையும் வென்றதில் அண்ணன் தம்பி இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. பூனாவில் கூலிக்குப் பந்து போட்டவர், இங்கிலாந்தின் கவுண்டி மட்டையாளர்களை அவர்கள் மண்ணிலேயே திணறடித்தார்.

ஊர் திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்புக் கூட்டம் நடத்தினார்கள். அதில் வாசித்தளித்த பாராட்டு மடலை எழுதியவர் எல்ஃபின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. பெயர் பீமராவ் அம்பேத்கர். அந்த இளைஞருக்கு அன்று பாலு ஒரு நாயகன்.

இனி கேப்டன் பதவிக் கதை. நம் சமூகவியல் வகுப்புகளில் ‘தகுதி’ பற்றி நடத்தும் பாடங்களைவிட இது தெளிவான பாடம் என்பது எங்கள் எண்ணம். விக்கெட்டுக்குக் கணக்கு உண்டு. ஸ்கோர் அட்டையில் ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. அதனால் பந்து வீச்சாளர் பாலுவை மறுக்க முடியவில்லை. தலைமைக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. நாலு பேர் ஓர் அறையில் கூடி முடிவு செய்வது அது. சாதி அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண்டுக்காண்டு மூத்த வீரர் பாலுவைத் தாண்டி, பார்ப்பனரான எம்.டி. பாய் கேப்டன் ஆனார். பாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1913-ல் தனக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்த மரியாதை பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னார், பதவியில் தொடர்ந்தார். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிது என்று விட்டுவிடுவோம்.

1920-ல் பொறுமை முடிந்தது. பாலுவை அணியிலேயே சேர்க்கவில்லை. பாய்க்கு உடல்நலம் இல்லாததால் முதல் ஆட்டத்துக்கு இன்னொருவர் கேப்டனாக வேண்டும். அணியின் சிறந்த மட்டையாளரான தம்பி விட்டலைத் தாண்டி, அவருக்கு இளையவரான பூனாப் பார்ப்பனர் தேவ்தர் நியமிக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் விலகினார்கள். சும்மா விலகவில்லை. சாதிதான் காரணம் என்று அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டு விலகினார்கள். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று இன்று நமக்குப் புத்தி சொல்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம். பம்பாயில் பெரிய விவாதம் கிளம்பியது. நிர்வாகம் இறங்கி வந்தது. பார்சிகளோடு நடந்த இறுதி ஆட்டத்தில் பாலு துணை கேப்டன். பாய் மைதானத்தை விட்டு வெளியே போன சிறிது நேரம் மட்டும் அவர் அணியை நடத்தினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, சிறிது நேரம்.

1923-ல் விட்டல் கேப்டன் ஆனார். இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியரை இந்துக்கள் வென்றார்கள். சாதி இந்து ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காட்சியை நினைக்கும்போது நமக்கும் சிலிர்க்கிறது. யாரைத் தொட்டால் தீட்டு என்றார்களோ அவருடைய பாதம் இவர்கள் மார்பில்.

இதோடு கதையை முடித்திருந்தால் நன்றாக இருக்கும். வரலாறு அப்படி விடுவதில்லை. 1932-ல் தனித்தொகுதியா கூட்டுத்தொகுதியா என்ற கேள்வி வந்தபோது, நம் எம்.சி. ராஜாவைப் போலவே பாலுவும் அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ரெட்டமலை சீனிவாசன், ராஜா ஆகியோரின் கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர், பாலு. அம்பேத்கர் 13,245. பாலு 11,225. ஒரு காலத்தில் பாராட்டு மடல் எழுதியவர் 2,020 வாக்கில் வென்றார்.

நம் தோழர்களில் சிலர் இதைச் சொல்லிப் பாலுவைத் துரோகி என்று ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாக ஆடினால் மனம் மாறுவார்கள் என்பதே அவர் கண்ட அனுபவம். மண் குவளை உடைந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதனால் நம்பினார். ஆனால் அந்த நம்பிக்கையை நம்மால் ஏற்க முடியாததற்குக் காரணம் பூனாவில் நின்ற இன்னொருவர். பாலு முகம் கழுவத் தண்ணீர் ஊற்றிய அந்த ஊழியர். அவருக்கு இடதுகை சுழல் தெரியாது. அவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. 179 முதல்தர விக்கெட் எடுத்தால்தான் பீங்கான் கோப்பை என்றால், அவர் எதில் குடிப்பது? அம்பேத்கர் கேட்டது அவருக்கான உரிமையை.

பாலு 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். சிறந்த வீரருக்கு இன்று நாம் கொடுக்கும் பெரிய பரிசுகள் எதுவும் அவர் பெயரில் இல்லை.

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இடது கையால் சுழல் போடுவான். டென்னிஸ் பந்திலேயே திருப்புவான். போன மாதம் ஊர்த் தெரு அணி அவனைப் பக்கத்து ஊர்ப் போட்டிக்கு அழைத்துப் போனது. எங்களுக்குச் சந்தோஷம்தான். நான்கு விக்கெட் எடுத்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தான். ஒவ்வொரு பந்தையும் கையை ஆட்டி ஆட்டி விவரித்தான். மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டோம். பார்சல் வாங்கிக் கொடுத்தார்கள், மரத்தடியில் சாப்பிட்டேன் என்றான். மற்றவர்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டோம். கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மூன்றாவது விக்கெட் எப்படி விழுந்தது என்பதை மறுபடி ஆரம்பித்தான்.