கொடியும் சுவரும்: அசாஃபோ கொடிகள் பண்டமான வரலாறு

நாட்டார் கலைப்பொருள்களைச் சேகரித்து இல்லங்களை அலங்கரிக்கும் இரசனை இன்று மத்தியதர, உயர் வர்க்கத்தினரிடையே பரவியுள்ளது. நாட்டார் கலை வர்த்தகத்தின் சுவடு படியாத, காலங்கடந்த தூய படைப்பு என்னும் எடுகோள் இவ்விரசனையின் அடியில் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூல், குடியேற்ற ஆட்சியும் வர்த்தகமும் கைவினை மரபைச் சிதைத்தமையை எடுத்துரைத்தது. அது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயின், அதே வர்த்தகத்தினூடாகப் புதிய கலைவடிவங்கள் தோன்றியமையும் வரலாறே. மேற்கு ஆபிரிக்காவின் அசாஃபோ கொடிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய கானாவின் கரையோரத்தில் வாழும் ஃபான்டே மக்களிடையே அசாஃபோ எனப்படும் படையணிகள் உள்ளன. 'சா' போரையும் 'ஃபோ' மக்களையும் குறிக்கும். அச்சமூகத்தில் வாரிசுரிமை தாய்வழிச் செல்ல, அணியின் உறுப்புரிமை தந்தைவழி வருகின்றது. தலைவர்களின் அதிகாரத்துக்கு எதிர்நிறையாகப் பொதுமக்களின் குரலை ஒலித்த அமைப்பும் இதுவே. புதிய அணித்தலைவன் பதவியேற்கும்போது தன் செலவில் கொடியொன்றைச் செய்வித்தல் மரபு. எனினும் அக்கொடி அவனுடையதன்று, அணியின் பொதுச்சொத்து.

வெட்டிய துணியுருவங்களைப் பின்னணித் துணிமேல் வைத்துத் தைத்து இக்கொடிகள் ஆக்கப்பட்டன. உருவங்கள் பெரும்பாலும் பழமொழிகளைச் சுட்டுவன. மீனும் முதலையும் வரையப்பட்ட கொடி, குளத்து மீன் கொழுப்பது முதலைக்காகவே என்று போட்டியணியை எள்ளும். எதிரே நின்று பார்த்துச் சினங்கொள்ள ஓர் அணி இருந்தமையாலேயே அவ்வுருவம் பொருளுடையதாயிற்று. இத்தகைய சின்னங்கள் மோதல்களுக்கு வித்திட்டமையால், கொடிகளைத் தன் அங்கீகாரத்துக்கு உட்படுத்தும் முறையைப் பிரித்தானிய நிருவாகம் கைக்கொண்டது.

இக்கொடிகளின் மூலப்பொருள் மனங்கொள்ளத்தக்கது. போர்த்துக்கேயர் 1482இல் எல்மினாவில் கோட்டை கட்டியது முதல் இக்கரை ஐரோப்பிய வணிகத்தோடு பிணைக்கப்பட்டது. கொடிக்குப் பயன்பட்ட துணியில் பெரும்பகுதி இறக்குமதியான ஆலைத்துணி. கொடியேந்தும் வழக்கத்திலும் ஐரோப்பியப் படைகளின் செல்வாக்குண்டு. மேல்மூலையில் பிரித்தானியக் கொடி தைக்கப்பட்டது; 1957இல் கானா சுதந்திரமடைந்த பின்னர் அவ்விடத்தைக் கானாவின் கொடி பெற்றது. ஆகவே, சேகரிப்பாளர் தேடும் கலப்பற்ற தொன்மை இங்கு என்றுமே இருந்ததில்லை. அந்நியரின் துணியையும் சின்னத்தையும் எடுத்துத் தம் சமூகப் பூசலுக்கான மொழியாக மாற்றிய மக்களின் ஆக்கத்திறனே இங்கு உண்டு.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கொடிகள் மேலைநாட்டு வணிகர், காட்சிக்கூடங்கள், தனியார் இல்லங்கள் ஆகியவற்றை நாடிச் சென்றன. 1992இல் பீட்டர் அட்லர், நிக்கலஸ் பார்னாட் ஆகியோரின் நூல் இவற்றைப் பரவலாக அறிமுகஞ் செய்தது. சந்தை தனக்கெனத் தனி அளவுகோலை வகுத்தது. மூலையில் பிரித்தானியக் கொடி இருப்பின் அது 1957க்கு முற்பட்டது எனக் கொள்ளப்பட்டு விலை உயர்ந்தது. விளைவாக, அச்சின்னத்தைப் புதிதாகத் தைத்து, துணிக்குச் செயற்கையாகப் பழமையூட்டிய கொடிகளும் விற்பனைக்கு வந்தன. அடிமைத்தனத்தின் முத்திரையே விலையின் முத்திரையாயிற்று.

பயன்பாட்டுப் பெறுமதி பரிமாற்றப் பெறுமதிக்கு இடங்கொடுக்கும் நிகழ்வினை இதனினும் தெளிவாகக் காண்டல் அரிது. விழாவில் ஆடுவோன் கையில் பேசிய துணி சுவரில் வாய்மூடி நிற்கின்றது. அது எள்ளுவதற்கு எதிரணி அங்கில்லை. பொதுச்சொத்தை விற்கும் உரிமை எவர்க்கு என்ற வினாவும் விலைச்சீட்டில் மறைந்துவிடுகின்றது.

எனினும் இதனை அழிவின் கதையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஃபான்டே ஊர்களில் அணிகள் இன்றும் விழாவெடுக்கின்றன; புதிய கொடிகளும் தைக்கப்படுகின்றன. சேகரிப்பாளர் கண்ணில் அவை பழமையற்றவை, ஆதலின் மலிவானவை. கலை வரலாற்று மாணவனுக்கோ அவையே முதன்மையானவை. கலையின் உயிர் துணியின் வயதில் இல்லை. அதனை வேண்டி நிற்கும் சமூக உறவிலேயே உள்ளது.