பேய்ப்படம் பார்த்த சிறுவனும் உயிர்த்தெழுந்த நாயும்

ஹொலிவூட் இயக்குநர் ரிம் பேர்ட்டன் 1958இல் கலிபோர்னியாவின் பேர்பாங்க் நகரில் பிறந்தவர். மற்றப் பிள்ளைகளோடு அதிகம் சேராத அந்தச் சிறுவனுக்குப் பேய்ப்படங்கள்தான் துணை. திகில் நடிகர் வின்சன்ட் பிறைஸின் படங்கள் என்றால் உயிர். திரையில் வரும் கோர உருவங்களைக் கண்டு பயப்படுவதைவிட, எல்லோரும் துரத்துகிறார்களே என்று அவற்றுக்காக இரக்கப்பட்டவர் அவர்.

டிஸ்னி நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்த பிறகு, 1982இல் 'வின்சன்ட்' என்ற ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளை பொம்மைப் படத்தை எடுத்தார். வின்சன்ட் பிறைஸைப்போல ஆக ஆசைப்படும் ஏழு வயதுச் சிறுவனின் கதை அது. அதற்குக் குரல் கொடுத்தவர் அதே வின்சன்ட் பிறைஸ்.

1984இல், நடிகர்களை வைத்து 'பிராங்கன்வீனி' என்ற குறும்படத்தை எடுத்தார். காரில் அடிபட்டு இறந்த தன் நாயை ஒரு சிறுவன் மின்னலின் மின்சாரத்தால் உயிர்ப்பிக்கிறான். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்ரைன்' நாவலும், பேர்ட்டனுக்குச் சிறுவயதில் தன் நாயோடு இருந்த பாசமும் சேர்ந்து பிறந்த கதை. சிறுவர்களுக்கு இது மிதமிஞ்சிய பயம் என்று டிஸ்னி கருதியது. பேர்ட்டன் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. 28 ஆண்டுகள் கழித்து, 2012இல், அதே டிஸ்னி அதே கதையை முழுநீள அனிமேஷன் படமாக வெளியிட்டது. அது ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இப்படம் 'ஸ்ரொப் மோஷன்' முறையில் ஆனது. பொம்மையைச் சற்று அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து இன்னொரு படம் எனப் பிடித்து, அவற்றை வேகமாக ஓடவிட்டால் பொம்மை நடக்கும். ஒரு விநாடிக்கு 24 படங்கள் என்றால், ஒரு நிமிடத்துக்கு 1,440.

இதை வன்னியில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து கேட்ட கதைகளே எங்களுக்குத் திரைப்படம். வயல்வெளியில் நெருப்பைக் கக்கும் கொள்ளிவாய்ப் பேய், குளக்கட்டுப் புளியமரத்து முனி, வெள்ளைச் சேலை மோகினி. பங்கருக்குள்ளும் அம்மம்மா பேய்க்கதைதான் சொன்னார். வெளியே விழும் ஷெல்லை நிறுத்த எவராலும் முடியாது. ஆனால் கதை பயமாக இருந்தால், "போதும் அம்மம்மா" என்று நிறுத்தலாம். பயத்தைக் கொஞ்சமாவது எங்கள் கைக்குள் வைத்திருக்க அந்தக் கதைகள் உதவின என்று இப்போது விளங்குகிறது.

'பிராங்கன்வீனி'யைக் கிளிநொச்சியில் ஒரு நண்பரின் வீட்டில், அவருடைய பிள்ளைகளோடு பார்த்தேன். நாய் எழுந்து வாலை ஆட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் பேசவில்லை. 2008, 2009 இடப்பெயர்வுகளில் வளர்த்த நாயை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். மனிதரையே இழந்த ஊரில் நாய்க்காக யாரும் வாய்விட்டு அழவில்லை. அந்த இழப்பைச் சொல்ல ஒரு சிறுவர் படம் இடம் கொடுத்தது. படம் முடிந்த பிறகு நண்பர், தம்முடைய நாயின் பெயரை முதன்முறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

எங்கள் கதைகளையும் இப்படிப் படமாக்கலாம். களிமண்ணும் ஒரு மேசை விளக்கும் ஆடாமல் நிறுத்திய கைத்தொலைபேசியும் தொடங்குவதற்குப் போதும். விநாடிக்கு 12 படங்கள் வைத்தாலே அசைவு தெரியும். ஒரு நிமிடக் கதைக்கு 720 படங்கள். படங்களைக் கோர்க்க இலவசச் செயலிகள் உள்ளன. பாடசாலை விடுமுறையில் நாலு பிள்ளைகள் சேர்ந்தால் செய்து முடிக்கலாம்.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. முனியையும் கொள்ளிவாயையும் அறிந்த தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. கமெராவைத் தூக்குவதற்கு முன், அவர்களிடம் போய்க் கதை கேட்டுக் குரலைப் பதிவுசெய்ய வேண்டும். பொம்மையைப் பிறகும் செய்யலாம்.