தூங்கி விழிக்கும் முள்: ஓசூர் கடிகாரத் தொழில்

ஓசூருக்குக் கைக்கடிகாரத் தொழில் வந்தது குவார்ட்ஸ் காலத்தில். டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாக 1984இல் டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருந்த ஓசூர், ஆலைக்கான இடமானது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டமாகவில்லை. ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. சுற்றுவட்டார இளைஞர்கள் பலர் பயிற்சி பெற்று வேலைக்குச் சேர்ந்தனர். சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961 முதல் சாவி கொடுக்கும் கடிகாரங்களைச் செய்துவந்தது. ஜெர்க்ஸஸ் தேசாயின் தலைமையில் டைட்டன் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. 1987இல் அதன் கடிகாரங்கள் கடைக்கு வந்தன.

சாவி கொடுக்கும் கடிகாரத்தில் தினமும் முறுக்கப்படும் வில்சுருள்தான் ஆற்றல். குவார்ட்ஸ் கடிகாரத்துக்கோ சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேட்டரி ஒன்றே ஆதாரம். அது ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்குக் காரணம், கடிகாரத்தின் பெரும்பகுதி எப்போதும் உறக்கத்தில் இருப்பதே.

உள்ளே விழித்தே இருப்பது குவார்ட்ஸ் படிகமும் அதை இயக்கும் சில்லும் மட்டும். படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையைச் சில்லு 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு மோட்டாரை ஆயிரத்தில் சில பங்கு நொடி மட்டும் எழுப்பும். மோட்டாரின் காந்தம் அரைச்சுற்று திரும்பும், முள் ஒரு படி நகரும், மின்சாரம் நின்றுவிடும். அடுத்த துடிப்பு வரை முள்ளைப் பிடித்து வைப்பது காந்த ஈர்ப்பே; அதற்கு மின்சாரம் வேண்டாம்.

இந்தச் சிக்கனத்தின் அளவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 25 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து சராசரியாக 1 மைக்ரோஆம்பியர் செலவானால் 25,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஓடும். மோட்டார்ச் சுருளின் தடை 2,000 ஓம் என்று கொண்டு, அதில் இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்தால் அதே பேட்டரி ஒன்றரை நாள்கூடத் தாங்காது.

கடையில் புதுக் கடிகாரத்தின் திருகு வெளியே இழுக்கப்பட்டு, பிளாஸ்டிக் துண்டு செருகப்பட்டிருப்பதும் இதற்காகவே. திருகு வெளியே இருக்கும்வரை முள் நகராது; விற்பனையாகும் நாள்வரை பேட்டரி மிச்சமாகும்.

2002இல் வந்த டைட்டன் எட்ஜ் இந்தச் சிக்கனத்தை இன்னும் நெருக்கியது. கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ.; உள்ளே இருந்த இயந்திரம் 1.15 மி.மீ. மட்டுமே. அந்த இடுக்கில் அமரும் பேட்டரியும் மெல்லியதாகத்தான் இருக்க முடியும். சேமிப்பு குறையக் குறைய, செலவையும் இறுக்க வேண்டியிருந்தது.

இப்போது ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. பேட்டரி பல ஆயிரம் மடங்கு பெரிது, விதி மாறவில்லை. நிறுத்திய வண்டியின் மின்னணுப் பகுதிகள் உறங்காவிட்டால், ஓடாமலே பேட்டரி கரையும். ஸ்மார்ட் கடிகாரத்திலும் அப்படியே: கை உயர்வதை உணரும் சிறு உணரி விழித்திருந்து, தேவைப்படும்போது மட்டும் திரையை எழுப்புகிறது.