மேகத்துக்கு உறை குத்தியவர்கள்

எங்கள் தெருவில் கொடும்பாவி இழுத்ததை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு ஏழெட்டு வயது. ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. நட்ட சம்பா பழுத்துக் கிடந்தது. வைக்கோலை முறுக்கி உருவம் செய்து, காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஊர் எல்லையில் கொளுத்தினார்கள். யாரோ செய்த பாவம் மழையைத் தடுக்கிறது, அந்தப் பாவி செத்தால் பெய்யும் என்பது கணக்கு. "யாரு அப்பாயி அந்தப் பாவி?" என்று கேட்டேன். "சும்மா கெடடா, ஒங்க தாத்தாவாத்தான் இருக்கும்" என்றாள்.

1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து புது ஆறு என்கிற கால்வாய் வந்த பிறகுதான் எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரி எட்டியது. அதுவரை ஏரியும் வானமும்தான். ஆறு வந்தும் வானத்தைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மழை வேண்டிச் சில ஊர்களில் மகாபாரதத்தின் விராட பருவம் படித்தார்கள். சில ஊர்களில் கழுதைக்குக் கல்யாணம்.

அப்படி அண்ணாந்து பார்த்த மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. மார்கழியில்கூட நம் தரை உறைவதில்லை. ஆனால் தலைக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போனால், சித்திரையானாலும் கார்த்திகையானாலும், தண்ணீர் உறையும் குளிர். வேடிக்கை என்னவென்றால், அங்கே மேகத்துளி உடனே உறைந்துவிடாது. சுத்தமான துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும்கூடத் தண்ணீராகவே மிதக்கும். உறைய அதற்கு ஒரு தூசி வேண்டும், பாலுக்கு உறைமோர் மாதிரி. ஒரு துகள் பனியானதும், நாற்றங்காலில் கோரை கொழுப்பதுபோல, சுற்றியுள்ள துளிகளின் ஈரத்தை இழுத்துப் பெருக்கும். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி வளர்ந்தால் ஊசி. மைனஸ் 15ஐ ஒட்டினால் ஆறு கை விரித்த கோலம். கனத்து விழும்போது வழியிலேயே உருகி, நம் வரப்பில் வெறும் மழையாகச் சேரும். ஐப்பசி அடைமழையில் ஒரு பங்கு இப்படி ஒரு காலத்தில் கோலமாக இருந்ததுதான். உருகாமல் வருவது ஆலங்கட்டி ஒன்றே. அதிலும் கோலம் இருக்காது, உறைந்த துளிகள் மேலே மேலே அப்பிய கட்டி.

பழந்தமிழில் 'உறை' என்றால் மழைத்துளி என்றும் ஒரு பொருள். உறைமோரும் அதே சொல்தான். தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மேகத்துக்கு மனிதன் உறை குத்தியது 1946இல். அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைத் தூவிப் பனித்துகள் உண்டாக்கினார். அதே ஆண்டு பெர்னார்ட் வானகட் வெள்ளி அயோடைடும் அதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதன் அணு அடுக்கு பனியின் அடுக்கைப் போலவே இருப்பதால் தண்ணீர் ஏமாந்து அதன்மேல் உறைந்துவிடுகிறது. ஐந்தே ஆண்டில், 1951இல், டாடா நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தரையிலிருந்தே வெள்ளி அயோடைடுப் புகையை அனுப்பிப் பார்த்தது. தமிழக அரசு 1983 தொடங்கி 1987 வரையிலும், பிறகு 1993-94 வறட்சியிலும் மேக விதைப்பு நடத்தியது. வழக்கமான ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்காமல் போன 2003இல், காவிரி பிறக்கும் கர்நாடகமும் விமானம் விட்டது.

பேப்பரில் படித்துவிட்டு டீக்கடையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பால் இல்லாத சட்டியில் உறை குத்தி என்ன ஆகும்? விதைப்புக்கு முதலில் மேகம் வேண்டும், அதுவும் திரண்ட மேகம். பெய்த பிறகும், விதைத்ததால் பெய்ததா, தானே பெய்ததா என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. அந்தச் சிக்கல் கொடும்பாவிக்கும் இருந்தது. நான் பார்த்த தடவை எட்டாம் நாள் மழை கொட்டியது. தாத்தாவோ அதற்குப் பிறகும் வெகுநாள் இருந்தார்.

இப்போது ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டு பக்கம் கொடும்பாவி எரிந்தால் அது மழைக்காக இல்லை. ஒப்பாரி கிடையாது, கோஷம்தான். பாவி யார் என்றும் யாரும் கேட்பதில்லை. பொம்மையின் கழுத்திலேயே பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.