யாழ்ப்பாண ஆதீனமும் அதன் தோழமைத் திருச்சபைகளும்

யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு திருச்சபைக்கு ஏன் 'தென்னிந்திய திருச்சபை' என்று பெயர்? புலம்பெயர் நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் இதைக் கேட்பதுண்டு. விடை, திருச்சபைகளுக்கு இடையிலான உறவுகளின் வரலாற்றில் இருக்கிறது.

தொடக்கம்

வெஸ்லியன் மிஷன் 1814இலும், அமெரிக்க மிஷன் 1816இலும், ஆங்கிலிக்கன் சேர்ச் மிஷன் 1818இலும் குடாநாட்டில் பணியைத் தொடங்கின. ஒன்றோடொன்று போட்டியிடாமல் ஊர்களைப் பிரித்துக்கொண்டன. வேம்படி மெதடிஸ்தருடையதாகவும், சுண்டுக்குளி ஆங்கிலிக்கருடையதாகவும், உடுவில் அமெரிக்க மிஷனுடையதாகவும் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

கடல் கடந்த ஐக்கியம்

அமெரிக்க மிஷன் சபைகள் 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. அச்சபையும் தென்னிந்திய ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் ஒன்றிணைந்து தென்னிந்திய திருச்சபையானார்கள். தொடக்கத்தில் அதற்கு இருந்த 14 ஆதீனங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. முதற் பேராயர் சபாபதி குலேந்திரன். இலங்கையின் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் இந்த ஐக்கியத்தில் சேரவில்லை. ஆகவே சென்னையோடு ஒரே திருச்சபையாகிய யாழ்ப்பாணச் சபை, பக்கத்து ஊர்ச் சபையோடு தனித்தனியாகவே இருந்தது.

உள்நாட்டில்

இந்தப் பிரிவை நீக்கவே இலங்கைத் திருச்சபை ஐக்கியத் திட்டம் வகுக்கப்பட்டது. யாழ்ப்பாண ஆதீனமும் அந்தப் பேச்சுகளில் பங்குகொண்டது. ஆனால் நீதிமன்ற வழக்கினால் 1972இல் திட்டம் நின்றுபோனது. இன்று தேசிய கிறிஸ்தவ மன்றத்தின் ஊடாகச் சபைகள் சேர்ந்து பணியாற்றுகின்றன.

வெளிநாட்டில்

பழைய அமெரிக்க மிஷன் சங்கத்தின் உறவு, 1957இல் உருவான அமெரிக்காவின் ஐக்கிய கிறிஸ்து சபையிடம் வந்தது. தென்னிந்திய திருச்சபை உலக ஆங்கிலிக்க ஐக்கியத்திலும், உலக மெதடிஸ்த மன்றத்திலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியத்திலும் அங்கம் வகிக்கிறது. ஆகவே இங்கு வந்த எமது குடும்பங்கள் இந்த மூன்று மரபுகளில் எந்தச் சபைக்குப் போனாலும் அந்நியர் அல்லர். ஊர்ப் போதகரிடம் உறுப்பினர் கடிதம் ஒன்றைப் பெற்று வைத்திருப்பது நல்லது.

பணமும் பொறுப்பும்

யாழ்ப்பாணக் கல்லூரிக்கான அறக்கட்டளை நிதியை பொஸ்ரனில் உள்ள தர்மகர்த்தாக்கள் நிர்வகித்து வந்தார்கள். கல்லூரி வட்டுக்கோட்டையில், முதல் அமெரிக்காவில். இத்தகைய உறவில் இரு பக்கமும் கவனம் தேவை. கொடுப்பவர் எசமானாகிவிடக் கூடாது. பெறுபவர் கணக்குக் காட்டத் தயங்கக் கூடாது.

நாம் ஊர்ச் சபைக்கு அனுப்பும் சிறு தொகைக்கும் இதே விதிதான். என்ன நோக்கத்துக்கு என்பதை எழுத்தில் குறிப்பிடுங்கள். தனியாள் கணக்குக்கு அனுப்பாமல் சபையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் ஆண்டிறுதியில் கணக்காய்வு செய்த அறிக்கையையும் கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை அல்ல. கூரை திருத்த அனுப்பிய பணம் கூரைக்கே போனது என்று தெரிந்தால், அடுத்த வருடமும் அனுப்ப மனம் வரும்.